"சார், இதை நான் பார்க்கட்டுமா?": மேலாளரிடம் கூடுதல் பொறுப்பு கேட்பது எப்படி?

சுங்கை பாக்காப் சாலையோரத்தில் விடிவதற்கு முன்பே கம்பெனி பஸ்கள் வந்து நிற்கத் தொடங்கிவிடும். சிலர் பக்கத்திலேயே இருக்கும் பத்து கவானுக்குப் போகிறார்கள். சிலர் பிறைக்கு, இன்னும் சிலர் பாலம் தாண்டி பாயான் லெப்பாஸுக்கு.

அந்த பஸ்ஸில் ஏறும் ஓர் இளைஞரை எடுத்துக்கொள்வோம். டிப்ளோமா முடித்து டெக்னீஷியனாகச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது. முதல் ஆறு மாதம் எல்லாமே புதுசு. இப்போது எந்த மெஷின் எந்த அலாரம் கொடுக்கும், எதை அழுத்தினால் அது அடங்கும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். அப்ரைசலில் நல்ல மார்க் வருகிறது. மேலாளரும் "ஓகே, நல்லா செய்றீங்க" என்கிறார். ஆனால், கற்றுக்கொள்வது எப்போதோ நின்றுவிட்டது.

"இன்னும் கஷ்டமான வேலை கொடுங்க" என்று கேட்டால் தலைக்கனம் என்று நினைப்பார்களா? கேட்காவிட்டால் இதே மெஷின் முன்னால் இன்னும் அஞ்சு வருஷமா?

சம்பளம் கேட்பதைவிட இது சங்கடமான விஷயம். சம்பளத்துக்காவது ஓர் எண் இருக்கிறது. பொறுப்பு என்றால் எதைக் கேட்கிறோம் என்பதே பல நேரங்களில் நமக்குத் தெளிவாக இருப்பதில்லை. பேச்சு சொதப்புவதற்குப் பாதிக் காரணம் அதுதான்.

பெரட்டில் நின்ற பழக்கம்

தென் செபராங் பிறையின் இந்தப் பகுதி முதலில் கரும்பு விளைந்த மண். பிறகு ரப்பர், அதற்கும் பிறகு எண்ணெய்ப்பனை. அப்போது வேலை எப்படிக் கிடைத்தது என்று வீட்டில் பெரியவர்களிடம் கேட்டால் "பெரட்டு" என்ற சொல் வரும். விடியற்காலை வரிசையில் நிற்க வேண்டும். தண்டல் பெயர் கூப்பிட்டு யாருக்கு எந்த நிரை என்று சொல்வார், கிராணி எழுதிக்கொள்வார். அந்த வரிசையில் நின்றுகொண்டு "எனக்கு வேற வேலை வேணும்" என்று சொன்னால் அது எதிர்த்துப் பேசுவதாகத்தான் எடுத்துக்கொள்ளப்படும்.

"கொடுத்த வேலையைப் பாரு, வாயைத் திறக்காதே" என்று இன்றைக்கும் பல வீடுகளில் சொல்வது அந்தப் பெரட்டிலிருந்து வந்த புத்தி. அதைக் குறை சொல்ல முடியாது. அன்றைக்கு வேலையையும் வீட்டையும் சேர்த்துக் காப்பாற்றியது அதுதான்.

இப்போது இடம் மாறிவிட்டது. தோட்டமாக இருந்த பத்து கவான் இன்று தொழிற்பேட்டை. 24 கிலோமீட்டர் நீளமுள்ள பினாங்கின் இரண்டாவது பாலம் 2014 மார்ச் 1 அன்று திறக்கப்பட்டது, அது கரையேறுவதும் இங்கேதான். பாஸ்டன் சயின்டிஃபிக், லாம் ரிசர்ச், மைக்ரான் போன்ற பெரிய நிறுவனங்களின் ஆலைகள் இங்கு இயங்குகின்றன. இதுபோன்ற இடங்களில் வேலையைப் பங்கிடுவது தண்டலின் குரல் மட்டும் இல்லை. அப்ரைசல் படிவம் இருக்கிறது, அதில் "அடுத்த வருடம் என்ன கற்றுக்கொள்ள விரும்புகிறீர்கள்?" என்பது மாதிரி ஒரு கட்டம் பெரும்பாலும் இருக்கும். அதை நீங்கள் காலியாக விட்டால் அடக்கமானவர் என்று யாரும் நினைக்கப்போவதில்லை. இருக்கும் இடத்தில் திருப்தியாக இருக்கிறார் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்.

பினாங்கின் மின்னணுத் துறையும் ஒரே நாளில் பெரிய வேலைக்குப் போய்விடவில்லை. 1972இல் பாயான் லெப்பாஸில் இன்டெல் ஆலை வந்தபோது, வேறு இடத்தில் வடிவமைத்த சில்லுகளைப் பொருத்தி முடிப்பதுதான் இங்குள்ள வேலை. சோதனை வேலை பிறகு வந்தது. 1990களில் வடிவமைப்பும் வந்தது. நடுவில், 1989இல், ஆலைகளும் மாநில அரசும் சேர்ந்து பினாங்கு திறன் மேம்பாட்டு மையத்தைத் தொடங்கின. கையில் இருக்கும் வேலையை ஒழுங்காகச் செய்து காட்டி, அதற்கு அடுத்ததற்குத் தயாராவது என்ற அதே வரிசைதான் தனி ஆளுக்கும் பொருந்துகிறது.

நீங்கள் கேட்பது எது?

"சவாலான வேலை" என்று சொல்லும்போது மூன்று வெவ்வேறு விஷயங்கள் ஒரே பையில் விழுந்துவிடுகின்றன.

ஒன்று, அதிக வேலை. நான்கு மெஷின் பார்ப்பவர் ஆறு மெஷின் பார்ப்பது. இரண்டாவது, கடினமான வேலை. அலாரத்தை அடக்குவதோடு நிற்காமல், அது ஏன் திரும்பத் திரும்ப வருகிறது என்று கண்டுபிடிப்பது. மூன்றாவது, முடிவெடுக்கும் உரிமை. எஞ்சினியரை எழுப்பாமல் எந்த செட்டிங்கை நீங்களே மாற்றலாம், புதுசாக வருகிறவருக்கு யார் கற்றுக்கொடுப்பது, எந்த ஸ்பேர் பார்ட் வாங்கச் சொல்வது என்பதெல்லாம் இதில் அடங்கும்.

இதைப் பிரிக்காமல் போய் "எனக்கு இன்னும் வேலை கொடுங்க, சார்" என்றால் முதல் வகைதான் கிடைக்கும். ஏனென்றால் மேலாளரிடம் எப்போதும் கையிருப்பில் இருப்பது அதுதான்! இரண்டு மாதம் கழித்து நீங்கள் களைத்துப்போயிருப்பீர்கள், புதிதாக ஒன்றும் கற்றிருக்க மாட்டீர்கள், கேட்டு வாங்கியதால் புலம்பவும் முடியாது.

இன்னொரு வலையும் இருக்கிறது. டிபார்ட்மென்ட் தீபாவளி விருந்துக்கு ஏற்பாடு, மீட்டிங்கில் குறிப்பெடுப்பது, 5எஸ் பலகைக்கு வண்ணத் தாள் ஒட்டுவது. இவையும் "பொறுப்பு" என்ற பெயரில்தான் வரும். யாராவது செய்தாக வேண்டிய வேலைகள்தான், ஆனால் பதவி உயர்வு பேசும்போது இவற்றை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. லிண்டா பாப்காக், லிஸ் வெஸ்டர்லண்ட் உள்ளிட்ட நான்கு ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் பார்த்தது. இப்படிப்பட்ட வேலைகளைப் பெண்களிடம்தான் அதிகம் கேட்கிறார்கள், கேட்டால் ஒப்புக்கொள்வதும், கேட்காமலே கை தூக்குவதும் பெண்கள்தான் அதிகம் என்று அது காட்டியது. உங்கள் லைனில் விருந்து ஏற்பாட்டுப் பட்டியல் எப்போதும் யார் கையில் இருக்கிறது என்று ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள்.

கேட்பதற்கு நான்கு வாரம் முன்பு

நாம் பார்த்த டெக்னீஷியனுக்கே திரும்புவோம். இரவு ஷிஃப்டில் ஒரு மெஷின் அடிக்கடி நிற்கிறது. அவர் அலாரத்தை அடக்கி ஓட்டிவிடுகிறார். இரண்டு மணி நேரத்தில் மறுபடியும் நிற்கிறது. எஞ்சினியர் காலையில்தான் வருவார். ஷிஃப்ட் புத்தகத்தில் "மெஷின் நின்றது, ரீசெட் செய்தேன்" என்று எழுதிவிட்டுப் போகிறார். அவருக்கு மட்டும் இல்லை, எல்லா ஷிஃப்டுக்கும் இதே கதை.

அவர் கேட்க வேண்டிய பொறுப்பு இங்கேயே இருக்கிறது. அதற்கு முதல் படி மேலாளரின் அறை இல்லை, ஒரு நோட்டுப் புத்தகம். நான்கு வாரம் எழுத வேண்டும்: எத்தனை மணிக்கு நின்றது, எந்த அலாரம், எவ்வளவு நேரம் ஓடவில்லை, அதற்குச் சற்று முன்பு பொருள் மாற்றினார்களா, யார் கையில் இருந்தது. நான்கு வாரத்தில் ஏதோ ஒரு வடிவம் தெரிய ஆரம்பிக்கும். ஒருவேளை ஒரே வகைப் பொருளை ஓட்டும்போது மட்டும் நிற்கலாம். ஒரு வடிவமும் தெரியாமலும் போகலாம். அப்படியானால் அதையும் சொல்ல வேண்டியதுதான்.

இதில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். அவர் யாரிடமும் அனுமதி கேட்டு இதைச் செய்யவில்லை. தன் வேலையின் எல்லைக்குள்ளேயே அதைக் கொஞ்சம் மாற்றிச் செய்கிறார். ஏமி ரெஸ்னியெவ்ஸ்கி, ஜேன் டட்டன் என்ற இரு ஆய்வாளர்கள் 2001இல் இதைப் பற்றி எழுதினார்கள். அவர்கள் கவனித்தவர்களில் மருத்துவமனைத் துப்புரவுப் பணியாளர்களும் இருந்தார்கள். சிலர் தரையைத் துடைப்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். சிலர் நோயாளிகளோடு பேசுவதையும் அவர்களைக் கவனிப்பதையும் தம் வேலையின் ஒரு பகுதியாகவே ஆக்கிக்கொண்டார்கள். இரு தரப்பின் பணி விவரமும் ஒன்றுதான்.

ஆனால் ஒன்று. மெஷின் செட்டிங்கைச் சொல்லாமல் மாற்றிப் பார்ப்பது இதில் சேராது. மருத்துவக் கருவியோ சில்லோ தயாரிக்கும் ஆலையில் அது வேலையே போகும் தவறு. எழுதலாம், கவனிக்கலாம், கேள்வி கேட்கலாம். கை வைப்பதற்கு அனுமதி வேண்டும். அந்த அனுமதிதான் நீங்கள் கேட்கப்போகும் பொறுப்பு.

என்ன பேசுவது?

ஷிஃப்ட் மாறும் நேரம் வேண்டாம். மாதக் கடைசியில் டெலிவரி நெருக்கும் வாரமும் வேண்டாம். "ஒரு விஷயம் பேசணும்" என்று மட்டும் மெசேஜ் போட்டால் ராஜினாமா என்று நினைத்துப் பதறுவார்கள். "அந்த மெஷின் நிற்கிறது பற்றி இருபது நிமிஷம் பேச முடியுமா, சார்?" என்று கேட்டால் போதும்.

பேச்சு இப்படிப் போகலாம்:

"சார், அந்த மூணாம் நம்பர் மெஷின் நாலு வாரமா எப்பெப்ப நின்னுச்சுன்னு எழுதி வச்சிருக்கேன். பெரும்பாலும் பொருள் மாத்தின பிறகுதான் நிக்குது."

"ஆமா, அது பழைய கதை. எஞ்சினியருக்கு டைம் இல்ல."

"அதான் சார். ரெண்டு மாசத்துக்கு அதை நான் எடுத்துப் பார்க்கட்டுமா? வாரத்துல ரெண்டு மணி நேரம் எஞ்சினியர் கூட உக்காரணும். எதையாவது மாத்தணும்னா அவர்கிட்ட சொல்லிட்டுத்தான் மாத்துவேன். சரியா வரலன்னா உங்ககிட்ட வந்து சொல்லிடுறேன்."

"உன் ரெகுலர் வேலை?"

"வாராவாரம் நான் போடுற ரிப்போர்ட்டைப் புது டெக்னீஷியனுக்குக் கத்துக்கொடுத்துடுறேன், சார். அவருக்கும் அது தேவைதான்."

இந்தச் சின்னப் பேச்சுக்குள் நாலு விஷயம் இருக்கிறது: மேலாளரின் தலைவலி ஒன்று, கெடு, யாருடைய மேற்பார்வை, எந்த வேலை கை மாறும். நாலாவதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். பழைய வேலையில் எதையும் இறக்காமல் புதிய வேலையை ஏற்றிக்கொண்டால், நீங்கள் மறுபடியும் "அதிக வேலை" வகைக்கே வந்துவிடுகிறீர்கள்.

"எனக்கு போர் அடிக்குது", "எனக்கு வளர்ச்சி வேணும்" என்பவை உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அதைக் கேட்டு மேலாளர் என்ன செய்ய முடியும்? அவருக்குப் புதுசாக ஒரு பிரச்சினைதான் கிடைக்கும்.

மேலாளர் தமிழர் இல்லை என்றால் பேச்சு மலாயிலோ ஆங்கிலத்திலோதான் நடக்கும். நம்மில் பலருக்கு நாக்கு தடுமாறுவது அங்கேதான். முக்கியமான ஒரே ஒரு வாக்கியத்தை முன்கூட்டியே தயார் செய்துகொள்ளுங்கள். "போஸ், சாயா நாக் சுபா உருஸ் மசாலா இனி", அதாவது "பாஸ், இந்தப் பிரச்சினையை நான் கவனித்துப் பார்க்க விரும்புகிறேன்." மீதியை உங்கள் நோட்டுப் புத்தகத்தின் பக்கமே பேசும். எண்களுக்கு மொழி தடை இல்லை.

சரி என்று சொல்லிவிட்டால்: சம்பளக் கணக்கு

ரெண்டு மாதப் பொறுப்பு ஒரு புதிய பதவியாக மாறும்போது கணக்குப் போட வேண்டும். ஷிஃப்டிலிருந்து ஆபீஸ் நேரத்துக்கு மாறினால் ஓவர்டைம் போகும், பல கம்பெனிகளில் இரவு ஷிஃப்ட் அலவன்ஸும் போகும்.

மாதச் சம்பளம் 2,600 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். வேலைவாய்ப்புச் சட்டப்படி அதை 26ஆல் வகுத்தால் ஒரு நாளைக்கு 100 ரிங்கிட். எட்டு மணி நேர வேலை என்றால் மணிக்கு 12.50. சாதாரண நாளின் ஓவர்டைம் குறைந்தது ஒன்றரை மடங்கு, அதாவது மணிக்கு 18.75. மாதம் 40 மணி நேரம் செய்பவருக்கு 750 ரிங்கிட் வரும். மொத்தம் 3,350. இப்போது "உனக்கு 400 வெள்ளி ஏத்தறோம், பகல் வேலைக்கு வா" என்றால் கையில் வருவது 3,000. பதவி உயர்வு கிடைத்த மாதமே 350 ரிங்கிட் குறையும். கார் லோன் கட்டும் வீட்டில் இது சின்ன விஷயம் இல்லை. அம்மாவிடம் முதலில் சொல்லிவிடுவது நல்லது.

சட்டம் இங்கே என்ன சொல்கிறது? 2023 ஜனவரி 1 முதல் மலேசியாவின் வேலைவாய்ப்புச் சட்டம் 1955, சம்பளம் எவ்வளவு என்று பாராமல் தொழிலாளர்கள் எல்லாருக்கும் பொருந்துகிறது. ஆனால் ஓவர்டைம் போன்ற சில பணப் பலன்களுக்கு மட்டும் பொதுவாக மாதம் 4,000 ரிங்கிட் என்ற வரம்பு இருக்கிறது. இந்த 4,000-ஐக் கணக்கிடும்போது ஓவர்டைம் பணம் சேராது. உடலுழைப்பு வேலை செய்பவர்களுக்கும் அவர்களை மேற்பார்வை செய்பவர்களுக்கும் இந்த வரம்பு இல்லை.

இதில் இளைஞர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது, பதவியின் பெயர் எதையும் தீர்மானிப்பதில்லை. "இப்ப நீங்க எக்சிகியூட்டிவ், ஓட்டி கிடையாது" என்று சொன்னாலும், சம்பளம் 4,000-க்குள் இருந்தால் ஓவர்டைம் உரிமை போய்விடாது. சந்தேகம் இருந்தால் தொழிலாளர் இலாகாவில் கேட்கலாம். மறுபக்கம், 3,900-லிருந்து 4,100-க்கு உயரும்போது சட்டம் தரும் அந்தப் பாதுகாப்பு கையை விட்டுப் போகலாம். ஒப்பந்தத்தில் ஓவர்டைம் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று கையெழுத்துக்கு முன்பே படித்துவிடுங்கள்.

குறைகிறது என்பதற்காக வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டியதில்லை. 350 ரிங்கிட் கொடுத்து ஒரு வருடம் எஞ்சினியர் வேலை கற்கிறேன் என்பதும் ஒரு நியாயமான முடிவுதான். அது தெரிந்து எடுத்த முடிவாக இருக்க வேண்டும், முதல் சம்பளச் சீட்டைப் பார்த்து அதிர்ச்சி அடைவதாக இருக்கக் கூடாது.

பயிற்சிக்குப் பணம் யார் தருவார்கள்?

"அதுக்கு கோர்ஸ் போகணும், பட்ஜெட் இல்லை" என்பது அடிக்கடி கேட்கும் பதில். பத்து அல்லது அதற்கு மேற்பட்ட மலேசியத் தொழிலாளர்கள் உள்ள, இந்தத் திட்டத்தின் கீழ் வரும் நிறுவனங்கள், சம்பளத்தில் ஒரு விழுக்காட்டை எச்.ஆர்.டி. கோர்ப் அமைப்புக்கு மாதாமாதம் கட்டுகின்றன. அது முதலாளியின் பணம், உங்கள் சம்பளத்திலிருந்து பிடிக்கக் கூடாது. ஊழியர்களின் பயிற்சிக்காகத்தான் அந்தப் பணத்தை நிறுவனம் திரும்பக் கோர முடியும். "சார், இதுக்கு எச்.ஆர்.டி. கோர்ப்ல கிளைம் பண்ண முடியுமான்னு எச்.ஆர்.கிட்ட கேட்கலாமா?" என்ற ஒரு கேள்வி பல நேரம் பேச்சின் திசையையே மாற்றும்.

டிப்ளோமா இல்லாதவர்களுக்கு இன்னொரு வழி. வேலையில் கற்ற திறனைச் சான்றுகளோடு காட்டி, வகுப்பில் உட்காராமலே மலேசியத் திறன் சான்றிதழ், அதாவது எஸ்.கே.எம்., பெறும் முறை இருக்கிறது. ஆப்பரேட்டராக ஐந்து வருடம் ஓட்டிய கைக்கு ஒரு தாள் தேவைப்படும் இடங்களில் இது உதவும். அந்த நான்கு வார நோட்டும் ஷிஃப்ட் பதிவுகளும் இங்கேயும் வேலைக்கு ஆகும். ஆனால் கம்பெனித் தகவலை வெளியே எடுத்துப்போகும் முன் அனுமதி வாங்கிவிடுங்கள்.

இல்லை என்று சொன்னால்?

இதில் சட்டத்தின் துணை மிகக் குறைவு. வேலை நேரத்தையோ இடத்தையோ மாற்றச் சொல்லி எழுத்தில் விண்ணப்பித்தால், முதலாளி 60 நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும், மறுத்தால் காரணமும் சொல்ல வேண்டும். 2023-ல் வந்த விதி அது. கடினமான வேலை கேட்பதற்கு அப்படி ஒரு விதி இல்லை. தொழிற்சங்கம் வழியாகவும் எளிதில் போக முடியாது. தொழில் உறவுச் சட்டம் 1967-இன் 13ஆம் பிரிவு, பதவி உயர்வையும் யாருக்கு எந்தப் பணி என்பதையும் கூட்டு ஒப்பந்தக் கோரிக்கைகளிலிருந்து விலக்கி வைத்திருக்கிறது. ஆக, இது மேலாளரின் கையில் இருக்கும் முடிவு.

ஆனால் "இல்லை" என்பதற்கும் வகை உண்டு. "இப்ப இல்லை" என்றால் எப்போது என்று கேளுங்கள், தேதி வாங்குங்கள். "நீ இன்னும் ரெடி இல்லை" என்றால் எதைச் செய்து காட்டினால் ரெடி என்று கேளுங்கள். பதிலாக ஒரு திறனின் பெயர் வந்தால் அது நல்ல பதில். "பார்க்கலாம்" மட்டுமே மூன்று தடவை வந்தால் அது பதிலே இல்லை. "உன்னை விட்டா அந்த லைனை யார் பார்ப்பா?" என்றால், நீங்கள் நன்றாகச் செய்வதே உங்களைக் கட்டிப்போட்டிருக்கிறது என்று அர்த்தம். அதற்கு மருந்து, உங்கள் வேலையை இன்னொருவருக்குக் கற்றுக்கொடுத்துவிட்டு மறுபடி போய்க் கேட்பது.

பேச்சு முடிந்த அன்றே மூன்று வரி மெயில் போடுங்கள்: என்ன கேட்டேன், நீங்கள் என்ன சொன்னீர்கள், எப்போது மறுபடி பேசுகிறோம். சண்டைக்கான சாட்சி என்று இதை நினைக்க வேண்டாம். மேலாளர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள், புதிதாக வருகிறவருக்கு இந்தப் பேச்சு நடந்ததே தெரியாது. தேதி வந்து போய், மெயிலுக்கும் பதில் இல்லை என்றால் உள்ளேயே வேறு டிபார்ட்மென்டில் காலியிடம் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். பத்து கவானில் அடுத்த கேட்டில் இன்னொரு கம்பெனி இருக்கிறது என்பதும் மேலாளருக்குத் தெரியாத விஷயம் இல்லை. அதை நீங்கள் வாயால் சொல்லி மிரட்டாமல் இருப்பதே நல்லது.

கிடைத்த பொறுப்பு கைமீறிப் போனால்?

இதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. கேட்டு வாங்கிய வேலையில் தடுமாறுகிறோம் என்று சொல்ல வெட்கமாக இருக்கும், அதனால் மூன்றாவது வாரத்திலிருந்தே மறைக்கத் தொடங்குகிறோம். ஆனால் கடினமான வேலை என்றால் முதல் முயற்சியிலேயே வந்துவிடாது. தடுமாறுவதும் கணக்கில் சேர்ந்ததுதான். அந்த மூன்றாம் நம்பர் மெஷின் மறுபடி நின்றால், அடுத்த ஷிஃப்ட் எழுதிவைத்த புத்தகத்தில் மேலாளர் படித்துத் தெரிந்துகொள்வதற்கு முன்பு நீங்களே போய்ச் சொல்லிவிடுங்கள்: "சார், நான் நினைச்ச காரணம் அது இல்ல. இதுவரைக்கும் இதெல்லாம் பார்த்துட்டேன், அடுத்து சென்சார் பக்கம் பார்க்கணும். எஞ்சினியர் இன்னும் ஒரு மணி நேரம் வேணும்."